1873 வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கியின் நகல் புது எஃகில் செய்ததுதானே, அதற்கு நாமே நிரப்பும் 44-40 ரகத் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டினால் என்ன?

கூட்டக் கூடாது. எஃகு புதிதுதான், ஆனால் சுடும்போது பின்பக்கத்தைப் பூட்டும் அமைப்பு, இதற்கு முந்தைய 1860 ஹென்றி துப்பாக்கியில் இருந்த அதே முழங்கைபோல் மடங்கும் மூட்டு. அழுத்தம் ஏறினால் அந்த மூட்டுதான் முதலில் தளரும். கூடுதல் பலம் வேண்டுமென்றால் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங் உருவாக்கிய வின்செஸ்டர் 1892 மாடல் இருக்கிறது. அதில் பின்பூட்டை இரண்டு கட்டைகள் செங்குத்தாக ஏறித் தாங்குகின்றன. அதற்கென்று தோட்டா நிரப்பும் கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும் மருந்தளவை 1873-இல் போட்டுவிடாதீர்கள்.

44-40 பிறந்ததே பழைய கருமருந்துக்கு: 40 கிரெய்ன் (சிறு எடை அலகு) மருந்து, 200 கிரெய்ன் ஈயக் குண்டு. அந்த வேகமே போதும். தோட்டா உறையின் கழுத்து மெல்லிய பித்தளை என்பதால் சுடும்போது துப்பாக்கியின் தோட்டா அறையோடு ஒட்டிக்கொண்டு புகையைப் பின்னால் விடாது. அதே மெல்லிசால், குண்டை உறைக்குள் இறக்கும்போது சற்றுக் கோணினாலும் கழுத்து கசங்கிவிடும், எரிச்சலான வேலை.

சரி, உண்மையில் மெனக்கெட வேண்டியது தோட்டாவின் மொத்த நீளத்தில்தான். 1873-இல் தோட்டாவை மேலே ஏற்றும் தூக்கி ஒரு தோட்டா அளவேயான பெட்டி. நீளம் கூடினாலும் சிக்கும். குறைந்தால் அடுத்த தோட்டாவின் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நெம்புகோல் அசையாது.

அப்புறம், குண்டின் மூக்கு தட்டையாகவே இருக்கட்டும். தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினில் ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் (அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் மூடியில்) முட்டி நிற்கிறது.