கூண்டு எண் ஃபார்வர்டு: அந்த 'பிரஸ்' ஆளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மழை கொட்டிய ஒரு நாளில், 'பாம்பனில் 8-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாச்சு, கலெக்டர் மூன்று நாள் லீவு விட்டுட்டார்' என்று வந்த கார்டை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், ஸ்டேட்டஸிலும் வைத்தேன். பொய் என்று தெரிந்ததும் அழித்துவிட்டேன். இப்போது கல்லூரியில் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். எழுதித் தராவிட்டால் சேரும்போது வாங்கிய அசல் மார்க் ஷீட்டைத் தர மாட்டார்களாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரஸ் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், "சைபர் கிரைமில் உன் பேர்ல எப்.ஐ.ஆர் ரெடி, 15,000 கொடுத்தா பேரை எடுத்துடலாம், போனையும் தூக்கிப் போட்டுடு" என்கிறார். குரூப் அட்மினாக இருக்கும் கௌரவ விரிவுரையாளரும் பயந்துபோயிருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த 15,000 பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் பகிர்ந்த கார்டைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து.

உங்கள் பெயரும் விஷயமும் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? எனக்குத் தெரிந்து இப்படிப்பட்டவர்களுக்குச் செய்தி கல்லூரி அலுவலகத்திலிருந்தோ, அதே குரூப்பிலிருந்தோதான் போகும். காவல் நிலையத்திலிருந்து போவது அபூர்வம். வழக்கே இருக்காது. இல்லாத வழக்கிலிருந்து பெயரை எடுத்துக் கொடுத்துக் காசு பார்ப்பார்கள். இரண்டு மாதம் கழித்து "ஃபைல் மறுபடி மேலே வந்துடுச்சு" என்று அடுத்த தவணை கேட்பார்கள்.

எப்.ஐ.ஆர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பதிவான எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டத்தையும் காவல் நிலையத்தையும் கொடுத்துத் தேடுங்கள். 'ரெடி' என்று ஒரு நிலை எப்.ஐ.ஆருக்குக் கிடையாது. பதிவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. அந்த ஆள் வாட்ஸ்அப்பில் ஒரு 'போலீஸ் நோட்டீஸ்' அனுப்பினாலும் அசையாதீர்கள். நேரில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. காகிதம் வீட்டுக்கு வரட்டும். வந்தால் வழக்கறிஞரோடு போங்கள், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. "எஸ்.ஐ.க்குக் கொடுக்கணும்" என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கினால், நீங்களும் மாட்டுவீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகவே குற்றம். கட்டாயத்தில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். போனைத் தூக்கிப் போடச் சொன்னாரே, அது அதைவிட மோசமான யோசனை. விசாரணை வந்தால் ஆதாரத்தை அழித்தீர்கள் என்று புதிதாக ஒரு குற்றம் சேரும். உங்களைக் காப்பாற்றப்போகிற ஆதாரமும் அந்த போனில்தான் இருக்கிறது. அதற்கு இப்போது வருகிறேன்.

"நான் உருவாக்கவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்" என்ற பதில் மட்டும் நிற்காது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் பகிர்ந்த வழக்கில், பகிர்வது அதை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பி பீதி உண்டாக்கினால், 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். மக்களிடையே அச்சம் உண்டாக்கும் வதந்திக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 353-ம் பிரிவு இருக்கிறது, மூன்றாண்டு வரை.

ஆனால் இந்த 353-க்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பலர் படிப்பதே இல்லை. செய்தி உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அப்படிப்பட்ட கெட்ட நோக்கம் இல்லாமல் நல்லெண்ணத்தில் பகிர்ந்திருந்தால் அது குற்றமே ஆகாது. 'நல்லெண்ணம்' என்றால் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். போதிய கவனம் எடுத்துக்கொண்டீர்களா என்றுதான் சட்டம் பார்க்கும். அந்தக் கார்டு உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? விசைப்படகு வைத்திருக்கும் சித்தப்பா அனுப்பினாரா, முகம் தெரியாத குரூப்பில் வந்ததா? அன்று மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுத்ததா, நிறுத்தியிருந்ததா? நிறுத்தியிருந்தால், மழையும் கொட்டும்போது பாம்பன்காரர் ஒருவர் கூண்டு ஏறியிருக்கும் என்று நம்பியதில் நியாயம் இருக்கிறது. குரூப்பில் யாராவது "டேய், இது பழசு" என்று போட்ட பிறகும் சாயங்காலம் வரை ஸ்டேட்டஸில் விட்டு வைத்திருந்தால் அந்த நியாயம் மெலிந்துவிடும். 3-ஐ 8 ஆக்கி விளையாட்டுக்காக நீங்களே கார்டு செய்திருந்தால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லவே இல்லை. ஆகவே கார்டு எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது, எப்போது அழித்தீர்கள், இரண்டுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் பக்கம் அழிந்திருந்தால் அனுப்பியவர் போனில் இருக்கும். அழித்ததோடு நிற்காமல் அதே குரூப்பில் "நான் போட்டது தவறான செய்தி" என்று இன்றே ஒரு வரி போடுங்கள்.

கல்லூரிக் கடிதத்துக்கு வருவோம். அலுவலகத்தில் தட்டச்சு செய்து நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் 'வேண்டுமென்றே', 'நான் தயாரித்த' என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும், நாளைக்கு அதுவே வாக்குமூலம் ஆகிவிடும். நீங்களே எழுதுங்கள்: "இன்ன தேதியில் எனக்கு வந்த செய்தியை உண்மை என நம்பிப் பகிர்ந்தேன். தவறு என அறிந்ததும் நீக்கினேன். ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன்." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். கேட்பாரில்லை. 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். குழு பெரும்பாலும் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் ஃபைலில்தான் இருக்கும். இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள், கொடுத்தால்தான் அடுத்து பல்கலைக்கழக ஓம்புட்ஸ்பர்சனிடம் (மாணவர்களின் மேல்முறையீட்டைக் கேட்பவர்) போக முடியும். உங்களுடையது கலை அறிவியல் கல்லூரி என்றால் அது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். மழை விடுமுறையைக் கல்லூரியே நேரத்துக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லியிருந்தால், பையன்கள் கண்ட கார்டை ஏன் நம்பப்போகிறார்கள் என்று யாரும் கல்லூரியைக் கேட்பதில்லை.

விரிவுரையாளரிடம் சொல்லுங்கள்: உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருந்தது மட்டுமே காரணமாக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவுக்கு அவர் கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருந்தால் மட்டும் என்னிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

'பிரஸ்' ஆள் மறுபடி அழைத்தால் எடுத்துப் பேச வேண்டாம். அவர் அனுப்பும் செய்திகளை அழிக்காமல் வையுங்கள், மிரட்டிப் பணம் பறிப்பதாகப் புகார் கொடுக்க அவை வேண்டும். கையில் காசில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே வழக்கறிஞர் தருவார்கள்.