முஷ்டிக்கு ஏன் பிரபு பட்டம்?

கேள்வி: பழைய ஆங்கிலப் படங்களில் சண்டைக்கு நிற்பவன் கைகளை மடக்கிக்கொண்டு 'புட் அப் யுவர் டியூக்ஸ்' என்கிறான். டியூக் என்றால் பிரபு. அது எப்படி முஷ்டி ஆனது?

பதில்: லண்டன் தெருப்பேச்சு செய்த வேலை இது. நம் யாப்பில் இயைபு என்கிறோமே, அதை வைத்து 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கொச்சைப் பேச்சு வளர்ந்தது. சொல்ல வேண்டிய சொல்லை விட்டுவிட்டு, அதோடு ஓசை ஒத்துப்போகும் தொடரைச் சொல்வார்கள். மாடிப்படி 'ஸ்டேர்ஸ்' என்பதற்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்'. பழகப் பழக, ஓசைக்காகச் சேர்ந்த வால் உதிர்ந்து 'ஆப்பிள்ஸ்' மட்டும் நிற்கும்.

விரல்களுக்கு அப்போது 'ஃபோர்க்ஸ்' என்றொரு கொச்சைப் பெயர் இருந்தது. அதற்கு இயைபு 'டியூக் ஆஃப் யார்க்ஸ்'. யார்க் போய்விட்டது, டியூக் தங்கிவிட்டார். விரல் கையாகி, கை முஷ்டியாகியது. ஜான் கேம்டன் ஹாட்டன் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியின் 1874 பதிப்பு இந்த விளக்கத்தைத் தருகிறது. சுற்றுவழிதான், ஆனால் உண்மை என்று அதிலேயே சொல்லியிருக்கிறது.

குத்துச்சண்டைக்காரர்களிடம் வேறு சொற்களும் உண்டு: 'மாலி', அப்புறம் 'பன்ச் ஆஃப் ஃபைவ்ஸ்', அதாவது ஐந்து விரல் கொண்ட கொத்து.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது 'நீவ்'. இது கொச்சை இல்லை. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் வட்டாரச் சொல். வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியின் 'ஹ்னெவி'யிலிருந்து வந்தது. ஐஸ்லாந்தில் இன்றும் முஷ்டிக்கு அந்தச் சொல்தான். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் பாட்டம் என்ற நெசவாளி, கடுகுவிதை என்று பெயர் கொண்ட குட்டித் தேவதையிடம் 'உன் நீஃப்பைக் கொடு' என்று கேட்கிறான். அடிக்க இல்லை, கைகுலுக்க! ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் ஒரு சிறு பொருளை ஒரு கைக்குள் பொத்தி, இரண்டு முஷ்டிகளையும் நீட்டி, 'நீவி நீவி நிக் நேக்' என்று பாடி, எந்தக் கையில் இருக்கிறது என்று கேட்பார்கள். என் அண்ணன் என்னை இதே விளையாட்டில் எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறான்! அதைப் படித்த அன்றே இந்தச் சொல் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

கேள்வி: தமிழில் முஷ்டிக்கு முஷ்டி மட்டும்தானா?

பதில்: முஷ்டி வடசொல். அதுவே நம் வாயில் 'முட்டி' ஆனது. முழங்காலையும் முட்டி என்பதால் கைமுட்டி, கால்முட்டி என்று பிரித்துச் சொல்கிறோம். 'குத்து' என்ற சொல்லைப் பாருங்கள். மடக்கிய கை விடும் அடியும் குத்து. அதே கை அள்ளும் அளவும் ஒரு குத்து. அடிக்கும் கையையும் அள்ளும் கையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம்.