பொருளுக்கு விலை வைக்க ஃபஸி லாஜிக், எக்ஸ்பர்ட் சிஸ்டம் எல்லாம் இன்றும் உதவுமா?

உதவும். ஃபஸி லாஜிக் என்றால் ஆம், இல்லை என்று வெட்டாமல் 'ஓரளவு' என்பதையும் எண்ணால் சொல்வது. எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்றால் அனுபவசாலியின் விதிகளைக் கம்ப்யூட்டரில் எழுதிவைப்பது. "மெஷின் லேர்னிங் காலத்தில் 1965 சரக்கா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், லாட்ஃபி ஸாடே ஃபஸி லாஜிக்குக்கு அடிப்படையான கட்டுரையை எழுதியது அப்போதுதான். கூட்டல் கழித்தல் அதைவிடப் பழையது.

நீங்கள் சின்ன உற்பத்தியாளர் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய கொட்டேஷன் பாதி டைரியில், மீதி யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். பழைய பதிவுகளிலிருந்து தானே கற்கும் மெஷின் லேர்னிங்குக்கு அது போதாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் இப்படி ஒரு சிஸ்டம் செய்துகொடுத்தபோது அப்படித்தான் இருந்தது. நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி எல்லாம் காஸ்டிங் ஷீட்டில் வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு வைப்பது என்பது காஸ்டிங் பார்க்கும் அண்ணனின் கைவித்தை. கேட்டால், "நூலு கொஞ்சம் ஏறுனா கொஞ்சம் சேர்த்துவனுங்க தம்பி. ரொம்ப ஏறுனா நல்லாவே சேர்த்தோணும். மெஷின் சும்மா நின்னா அதெல்லாம் பாக்கறதில்லீங்க" என்பார்.

இதை அப்படியே விதியாக எழுதலாம். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் முழுக்க 'கொஞ்சம்', 15 என்றால் முழுக்க 'ரொம்ப'. இடையில் இருந்தால் இரண்டிலும் பங்கு உண்டு: 9 ரூபாய் ஏறினால் 'கொஞ்சம்' 0.6, 'ரொம்ப' 0.4. முதலாவதற்கு விலையில் 2 சதவீதம் சேர்ப்பது, அடுத்ததற்கு 7 என்றால் கலந்து வருவது 4 சதவீதம். 'இதற்குக் கீழே என்றால் 2, மேலே என்றால் 7' என்று வெறும் இஃப்-எல்ஸ் போட்டால் 10 ரூபாய்க் கோட்டில் விலை குதிக்கும். பையர் விடுவாரா? எந்த விதியால் இந்த விலை வந்தது என்பதையும் திரையில் காட்டலாம். அண்ணன் நம்பியது அதனால்தான்.

2022 மே மாதம் பஞ்சு கண்டி (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, நூல் ஒரே அடியாகக் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியது. சிஸ்டத்துக்கு 40-ம் 15-ம் ஒன்றுதான், அதே 7 சதவீதம். அண்ணன் அதை மூடிவிட்டுக் கையால் விலை போட்டார். சரியான முடிவு. அப்படி ஒரு மாதத்துக்கு அவரிடமே விதி இருந்ததில்லை.

விதிகளை ஒருவர் வாயிலிருந்து வாங்குவதுதான் இதில் வேலையே. பில் கொடுத்தால் முதலாளி கண்ணுக்குப் புரோகிராம் மட்டும் தெரிகிறது. "இத்தனூண்டு இருக்குது, இதுக்கு இவ்வளவாங்க?" பிறகு மாதாமாதம் ஓசியில் 'சின்ன சேஞ்ச்'. துணி வெட்டுகிறவரிடம் இப்படிப் பேச முடியுமா?

எந்த விலைக்கு ஆர்டர் கிடைத்தது, எந்த விலைக்குக் கைநழுவியது என்று இரண்டும் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருந்தால் மட்டும் இதை விட்டுவிட்டு மெஷின் லேர்னிங் பக்கம் போங்கள். ஆர்டரான கொட்டேஷன் மட்டும்தான் ஃபைலில் இருக்கிறது என்றால் மெஷின் லேர்னிங்கும் உதவாது.