கண்டுபிடித்தவர் நீங்கள்தான், காப்புரிமை உங்களுடையது அல்ல

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். போர்வெல் மோட்டாருக்குள் மணல் புகாமல் தடுக்கும் சீல் ஒன்றை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய் உட்கார்ந்து உருவாக்கினேன். காப்புரிமையைக் கம்பெனி தன் பெயரில் வாங்கிக்கொண்டது. கண்டுபிடிப்பாளர் என்று என் பெயர் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு சால்வையும் கேடயமும். பதவி உயர்வோ முதலாளியின் மைத்துனருக்குப் போனது. மனம் வெறுத்து வெளியே வந்துவிட்டேன். அதே சீலை என் பட்டறையில் செய்து விற்கலாமா? இரண்டு டீலர்களிடம் பேசிவைத்திருக்கிறேன். என் பங்கைக் கேட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: சால்வை, மைத்துனர், ஞாயிற்றுக்கிழமை எதுவும் வழக்கில் நிற்காது. எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பது ஒன்றுதான் கேள்வி.

நியமனக் கடிதத்தில், பணிக்காலத்தில் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே என்ற வரி அநேகமாக இருக்கும். அதைவிடக் கனமானது காப்புரிமை விண்ணப்பத்தின் படிவம் 1. விண்ணப்பிக்கும் நிறுவனம் என்னிடமிருந்து உரிமை பெற்றது என்று கண்டுபிடிப்பாளர் உறுதிமொழி தரும் இடம் அதில் உண்டு. நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்திட்டிருப்பீர்கள். உங்கள் பெயர் அதில் இருப்பது கௌரவம் மட்டுமே. அதனால் காப்புரிமையில் எந்த உரிமையும் கூடாது, குறையாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது.

பங்கு கேட்கவும் வழியில்லை. ஜெர்மனியில் ஊழியரின் கண்டுபிடிப்புக்கு ஊதியம் தர 1957லேயே தனிச் சட்டம் வந்தது. பிரிட்டனில் யூனிலீவரின் முன்னாள் விஞ்ஞானி ஷாங்க்ஸுக்கு 20 லட்சம் பவுண்டு தரச் சொல்லி 2019இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. இது பெரிய அநீதி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இல்லாத பிரிவைக் காட்டி மனுப் போட முடியாது. கையெழுத்தே போடவில்லை என்றால் மட்டும் பேச இடமுண்டு. அப்போதும், டிசைன் செய்யத்தானே சம்பளம் கொடுத்தோம் என்பார்கள். அந்த வாதம் வலுவானது.

என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் பட்டறைதான். காப்புரிமை உள்ள பொருளை உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்து விற்றால் அது மீறல். கண்டுபிடித்தவருக்கும் விலக்கு இல்லை. காப்புரிமை இருப்பதே தெரியாமல் செய்தவரிடம் நஷ்ட ஈடு வசூலிக்கக் கூடாது என்கிறது 111ஆவது பிரிவு. ஊரில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லிப் பார்க்கலாம், நீங்கள் சொல்ல முடியாது. நீங்கள் பெருமைப்படும் அந்தப் பெயரே உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

உங்களைப் போலவே வேலையை விட்டுவந்து பட்டறை போட்ட ஒருவருக்காக நான் ஆஜரானேன். அவர் செய்த பொருள் காப்புரிமைக்குள் வராது என்று வாதிட நல்ல இடம் இருந்தது. ஆனால் இடைக்காலத் தடையோடு, நீதிமன்றம் சோதனைக்கு அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் பட்டறைக்கு வந்தபோது, லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. அதன் வலது கீழ் மூலையில் பழைய கம்பெனியின் பெயரும் வரைபட எண்ணும் அழிக்கப்படாமல் இருந்தன. பென் டிரைவில் எடுத்து வந்தது. அதன்பின் காப்புரிமையைப் பற்றி யாரும் பேசவில்லை, தொழில் ரகசியத் திருட்டு என்றே வழக்கு நடந்தது. வார்ப்புக்கான பேட்டர்ன்கள் முத்திரையிடப்பட்டன, வங்கிக் கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எதிர்த்தரப்பு நீட்டிய தாளில் கையெழுத்திட்டு வெளியே வந்தார்.

அதனால் டீலர்களிடம் பேசுவதை இன்றே நிறுத்துங்கள். கம்பெனி ஃபைல் ஏதாவது கையில் இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், பயந்துபோய் அழித்தும் விடாதீர்கள்; ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆத்திரத்தில் பழைய முதலாளிக்கு நீங்களே கடிதம் எழுதவும் வேண்டாம். "நான் அங்கே வேலை பார்த்தபோது கண்டுபிடித்தேன்" என்ற ஒரு வரி போதும், அவர்கள் வழக்கை நீங்களே நிரூபித்துக் கொடுத்ததாகிவிடும்.

சமரசத்துக்குப் போங்கள். உற்பத்திக்கு லைசென்ஸ் கேளுங்கள், அல்லது அவர்களுக்கே ஜாப் ஒர்க்காகச் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். அந்தச் சீலை உங்களைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர் அங்கே இல்லை என்றால், பேரம் பேச உங்களிடம் இருப்பது அதுதான்.

பேசப் போகுமுன், காப்புரிமை அலுவலக இணையதளத்தில் எண்ணைப் போட்டு, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டாமல் காலாவதியாகி, மீட்கக் கோரும் 18 மாத அவகாசமும் தாண்டியிருந்தால், அந்தச் சீலை யாரும் செய்யலாம். அப்போதும் பழைய வரைபடத்தைத் தொடாதீர்கள். காப்புரிமை ஆவணத்தில் வெளியான விவரத்தை வைத்துப் புதிதாக வரையுங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள்.