காடிக் கேள்விகள்: செம்மண் சாலைக்கு எந்த ஏர் பில்டர்?

கேள்வி: ஐயா, என்னுடையது 1.3 மைவி கார். தினமும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் வேலைக்குப் போய் வருகிறேன். "கழுவிக் கழுவிப் போடுகிற காட்டன் பில்டர் போடுங்கள், பிக்கப் கூடும், பெட்ரோல் எண்ணெயும் மிச்சம்" என்கிறார்கள் பட்டறையில். கம்பெனி பில்டரின் பாதி விலைக்குப் பேப்பர் பில்டரும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பேப்பர் பில்டரே போடுங்கள். கார் கம்பெனிப் பெட்டியில் வந்தது என்றாலும் சரி, டென்சோ, சக்குரா மாதிரி பெயருள்ள தயாரிப்பு என்றாலும் சரி. காட்டன் உங்கள் சாலைக்கு ஆகாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். முன்னால் பழக்குலை லோரி ஒன்று போனால் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணுக்குப் படுகிற புழுதியை எந்த பில்டரும் பிடித்துவிடும். 5 முதல் 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்தான் வில்லன். மணல் சத்துள்ள அந்தத் துகள் இரும்பைவிடக் கடினம். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தில் அது புகுந்தால் இரண்டு பக்கமும் தேயும். பிறகு கம்ப்ரெஷன் இறங்கும், எஞ்சின் எண்ணெய் குறைந்துகொண்டே வரும்.

காட்டன் பில்டரில் காற்று சுலபமாகப் போவதற்குக் காரணம் அதன் இடைவெளிகள் பெரிது. மேலே தடவிய எண்ணெய்ப் பசைதான் தூசியைப் பிடிக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில், எஞ்சினுக்குக் காற்று விடும் மூடியான திராட்டில் பாதிகூடத் திறப்பதில்லை. காற்றை மறிப்பது அதுதான், பில்டர் அல்ல. பிறகு பிக்கப் எங்கிருந்து கூடும்? பெட்ரோல் எண்ணெய் மிச்சம் என்பதும் பழைய கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தது. எரிபொருள் செலவு கூடவில்லை. முழு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வேகம் பிடிப்பது மட்டும் மந்தமானது.

கழுவிய காட்டனில் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகத் தெளித்துவிட்டால் இன்னொரு தொல்லை. பில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயில் ஒயர் ப்ளக் இருக்கிறதா பாருங்கள். இரண்டே ஒயர் என்றால் அது காற்றின் சூட்டை மட்டும் பார்க்கும் சென்சர். கூடுதல் ஒயர்கள் என்றால் பெரும்பாலும் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சர். அதன் சூடான கம்பியில் எண்ணெய் படிந்தால் காற்று அளவு குறைவாகக் காட்டும், பெட்ரோல் குறைவாக விழும், எஞ்சின் விளக்கு எரிந்து, காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 என்ற பிழை எண் வரும். கம்பியைத் துணியால் துடைக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும்.

இனி அந்தப் பாதி விலைச் சரக்கு. பழைய ஒரிஜினலைக் கையோடு கடைக்குக் கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடிப்புகள் குறைவாகவோ உயரம் குட்டையாகவோ இருந்தால் வேண்டாம். சுற்று ரப்பரை விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழ வேண்டும். பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஊசி முனை அளவு பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தாலும் ஓட்டை. மாட்டும்போது பெட்டியின் பள்ளத்தைத் துடைத்துவிட்டு, ரப்பர் நான்கு மூலையிலும் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கிளிப் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பூட்ட வேண்டும். லொடலொட என்று பூட்டினால் பில்டர் மெலிசு, தூசி ஓரமாகப் போய்விடும். நல்ல பேப்பர் போட்டும் எஞ்சின் தேய்வது பல நேரம் இந்த ஓரக் கசிவால்தான்.

1,000 கிலோமீட்டர் ஓடியதும் பில்டரைத் தாண்டிய குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சிவந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்றாலும் அந்த பில்டரைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: வாராவாரம் காற்றடித்துச் சுத்தம் செய்தால் அதிக நாள் வருமா?
- வாசகி, பீடோர்

பதில்: வேண்டாம். பேப்பரில் மெல்லியதாகப் படியும் தூசியே நுண்துகளைப் பிடிக்க உதவுகிறது. புது பில்டரைவிடக் கொஞ்சம் ஓடிய பில்டர் நன்றாகவே வடிகட்டும். டயர் கடைக் காற்றைப் பக்கத்தில் வைத்து அடித்தால் பேப்பர் கிழியும், கிழிசலும் கண்ணுக்குத் தெரியாது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து, தரையில் லேசாகத் தட்டிவிட்டு, உள்ளே காய்ந்த இலை, எலிக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள். கையேட்டில் சொன்ன மாற்றும் தூரம் தார்ச் சாலைக்கு. தோட்டத்துச் சாலைக்கு அதில் பாதி.

கேள்வி: வெள்ளத்தில் ஓட்டியபோது எஞ்சின் நின்றுவிட்டது. பில்டரைக் காய வைத்துப் போடலாமா?
- வாசகர், தெலுக் இந்தான்

பதில்: முதலில் சாவியைத் திருப்பாதீர்கள். பில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். நனைந்த பேப்பர் காய்ந்தாலும் மடிப்பு கலைந்திருக்கும். புதிது வாங்குங்கள்.