வெளிநாட்டு நண்பருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது எதைப் பற்றிப் பேசுவது?

இணையத்தில் ஒரு வெளிநாட்டு நண்பருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு ஊர்ப் பண்பாட்டையும் தொட்டுப் பேச என்ன தலைப்பு எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கல், புடவை, இட்லி எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு ஊருக்கும் பொதுவான தலைவலி ஒன்றைப் பிடியுங்கள்.

எனக்குக் குளச்சல் பக்கம். என்னிடம் படிப்பவர் நெதர்லாந்துக்காரர், ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் வீடு. முதலில் ஊர்ப் பெருமைக்கு 1741 குளச்சல் போரைத்தான் எடுத்தேன், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்தது, பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய் அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானது, உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருப்பது எல்லாம். பள்ளிக்கூடத்தில் இதைக் கேள்விப்பட்டதே இல்லையாம். நாம் ஜெயித்த கதையைத் தோற்றவர் ஊர்க்காரரிடம் சொன்னால் அவர்தான் என்ன பேசுவார், பாவம். "நல்லது" என்றார், பேச்சு படுத்துவிட்டது.

எழுப்பியது அப்பா. கடலுக்குப் போகிறவர். ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மக்களே, உங்க ஊருல கடல் கரையை அரிக்காதா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், இலக்கணப் பாடம் அன்றைக்கு நடக்கவில்லை. 1953 பிப்ரவரியில் கடல் உள்ளே புகுந்து அவர்கள் நாட்டில் 1,836 பேர் செத்திருக்கிறார்கள். அப்பா 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் போனதையும் 2017 ஒக்கி புயலில் தொழிலுக்குப் போனவர்கள் திரும்பாததையும் சொன்னார். பிறகு பேச்சு தூண்டில் வளைவுக்குத் தாவியது. இங்கே கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டுவார்கள், ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அடுத்த ஊர்க்கரையைக் கடல் தின்னும், உடனே அந்த ஊரும் தனக்கொரு வளைவு கேட்கும். அவர்களோ 2011-இல் சுமார் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

"மணலைக் கடல் எடுத்துட்டுப் போவாதா?"

"போகும் அப்பா. போகத்தான் கொட்டினோம்."

அலையும் காற்றும் அந்த மணலைக் கரை நெடுக பரப்பட்டும் என்பதுதான் திட்டமே. அதை விளக்க அவர் திணறித் திணறிப் பேசிய தமிழ், நான் வீட்டுப்பாடம் கொடுத்து வாங்கியதை எல்லாம்விட நீளம். அப்பா இன்னும் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்று. சம்பளம் எவ்வளவு, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டே தீருவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதேபோல் "இன்றைய வகுப்பு சுவாரசியமாக இல்லை" என்று என்னிடம் நேராகவே சொல்பவர் இவர், முதல் தடவை சுருக்கென்றது, இப்போது பிடித்திருக்கிறது. கட்டணத்தை மட்டும் ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பழகிய பிறகு காசு வாங்க எனக்குக் கூச்சமாகி வேண்டாம் என்றேன், ஏன், இனிமேல் சொல்லித்தர மாட்டீர்களா என்று அவர் பதறிவிட்டார்.