டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' நாவலின் கடைசிப் பகுதியை அச்சிட மறுத்த ஆசிரியர் யார்? ஏன் மறுத்தார்?

அவர் மிகயீல் கத்கோவ் (1818–1887). மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1850இல் அரசு தத்துவப் பாடத்துக்குக் கட்டுப்பாடு விதித்ததும் அந்த வேலை போனது. மறு வருடமே 'மாஸ்கோ செய்திகள்' செய்தித்தாளின் ஆசிரியரானார். 1856இல் 'ரஷ்யத் தூதன்' என்ற இதழைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் இங்கிலாந்து பாணி ஆட்சியை மெச்சிய மிதவாதி. ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 போலந்துக் கிளர்ச்சிக்குப் பிறகு ஜார் மன்னருக்கே யோசனை சொல்லும் அளவுக்குப் பழமைவாதியாக மாறிவிட்டார்.

ஆனால் இலக்கிய மூக்கு கூர்மையானது! 'தந்தையரும் தனயரும்', 'குற்றமும் தண்டனையும்', 'கரமசோவ் சகோதரர்கள்' ஆகிய நாவல்கள் எல்லாம் அவருடைய இதழில்தான் வந்தன. கூடவே கத்திரியும் உண்டு: தஸ்தயேவ்ஸ்கியின் 'பேய்கள்' நாவலில் ஒரு முழு அத்தியாயத்தையே போட மறுத்தார்.

சரி, அன்னாவுக்கு வருவோம். அதுவும் அதே இதழில்தான் தொடராக வந்தது. துருக்கியரோடு போரிட்ட செர்பியாவுக்கு உதவ 1876இல் போன ரஷ்யத் தொண்டர்களை, கடைசிப் பகுதியான எட்டாம் பகுதியில் டால்ஸ்டாய் கிண்டலடித்திருந்தார். கத்கோவோ அந்தப் போரை முழுமூச்சாக ஆதரித்தவர். திருத்தச் சொன்னார், டால்ஸ்டாய் மசியவில்லை. நாயகி இறந்ததோடு கதை முடிந்தது என்று இதழில் ஒரு குறிப்பைப் போட்டுக் கைகழுவினார் கத்கோவ். டால்ஸ்டாய் அதைத் தனிப் புத்தகமாக அச்சிட்டுக்கொண்டார்.